பாட்டி பெட்டியில் கிடைத்த வி.ஓ.சி. காசு வ.உ.சி.யின் கப்பல் கம்பெனிக் காசா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் பாட்டி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு செப்புக் காசு கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கில 'வி' எழுத்து பெரிதாக, அதன் இரண்டு கால்களிலும் 'ஓ', 'சி' கோத்தது போல. கீழே 1790. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயத்துக்குள் ஒரு சிங்கம், அதற்குக் கீழே அலை அலையாகக் கோடுகள். வ.உ.சிதம்பரனார் நடத்திய கப்பல் கம்பெனியின் காசு என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், லட்சக்கணக்கில் போகும் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே இல்லை. ஆனால் உங்கள் உறவினரைக் குறை சொல்ல மாட்டேன். துறைமுகத்திலிருந்து கல்லூரி வரை எங்கு திரும்பினாலும் வ.உ.சி. பெயர் இருக்கிற ஊரில், காசில் அதே மூன்று எழுத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆண்டை மட்டும் கவனித்திருந்தால் போதும். வ.உ.சி. பிறந்தது 1872. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906. உங்கள் காசு அவர் பிறப்பதற்கு 82 ஆண்டு முன்பே அடித்தது. அந்தக் கம்பெனி பங்குகள் விற்றது, காலியா, லாவோ என்று கப்பல்களும் வாங்கியது. காசு அடிக்கவில்லை.

உங்கள் கையில் இருப்பது ஒல்லாந்துக்காரர்களின் வி.ஓ.சி., அதாவது 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் செப்புக் காசு. டச்சு மொழியில் இதன் பெயர் டொய்ட். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதலில் காசைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான், சுமார் 3 கிராம். நீங்கள் சொன்ன சிங்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள், பாதி உடம்புதான் இருக்கும். இடுப்புக்குக் கீழே தண்ணீர். கடலிலிருந்து எழும்பி வரும் சிங்கம் அது. அதுதான் ஒல்லாந்து நாட்டின் ஸேலாந்து மாகாணத்தின் சின்னம். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தைக் கரை கட்டிக் காப்பாற்றி வாழ்கிற ஊர்க்காரர்கள் அவர்கள், 'போராடுகிறேன், மேலெழுகிறேன்' என்பது அவர்களுடைய மாகாண வாசகம். திருப்பிப் பார்த்தால், அந்த 'வி' எழுத்துக்கு மேலே குட்டியாக ஒரு கோட்டைக் கோபுரம் தெரிய வேண்டும். தேய்ந்திருந்தால் ஒரு புள்ளி போலத்தான் இருக்கும். ஸேலாந்தின் மிடல்பர்க் நகரத்து அக்கசாலையின், அதாவது காசு அடிக்கும் சாலையின் குறி அது. கோபுரத்துக்குப் பதிலாக ஒரு சின்னப் பூ இருந்தால் ஹாலந்து மாகாணம், டோர்ட்ரெக்ட் அக்கசாலை. ஹாலந்துக் காசில் சிங்கம் முழுதாக, பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும். மேற்கு ஃப்ரீஸ்லாந்தில் இரண்டு சிங்கங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நடந்துபோகும். கெல்டர்லாந்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். உட்ரெக்ட்டில் சிங்கங்கள் வெளியே வந்து, கேடயத்தை இரு பக்கமும் தாங்கிப் பிடித்திருக்கும். ஓவரைசல் மாகாணமும் அடித்தது. இதை ஒருமுறை பழகிவிட்டால், ஆண்டு அழிந்துபோன காசைக்கூட எந்த மாகாணம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே கம்பெனிக்கு எதற்கு ஆறு மாகாணத்துச் சின்னம்? டச்சுக் குடியரசில் நாட்டுக்கெல்லாம் பொதுவான ஓர் அரசர் கிடையாது. ஏழு மாகாணங்கள் கூட்டு வைத்திருந்தன, காசு அடிக்கும் உரிமை அந்தந்த மாகாணத்தின் கையில் இருந்தது. கம்பெனி எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் தாய்நாட்டில் தானாகக் காசு அடிக்க முடியாது. மாகாண அக்கசாலையிடம் சொல்லி அடித்து வாங்கவேண்டும். அதனால்தான் ஒரு பக்கம் அனுமதி கொடுத்தவன் முத்திரை, மறுபக்கம் காசை எடுத்துப்போகிறவன் முத்திரை.

சரி, கம்பெனி முத்திரை எதற்கு? அவர்கள் ஊரில் ஏற்கெனவே டொய்ட் புழக்கத்தில் இருந்ததே, அதையே மூட்டை கட்டி அனுப்பியிருக்கலாமே. எனக்கு இந்தக் காசில் பிடித்ததே இதற்கான பதில்தான்.

முதலில் அப்படித்தான் அனுப்பினார்கள். ஊரில் 8 டொய்ட் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர், 20 ஸ்டைவர் ஒரு கில்டர். அதாவது ஒரு கில்டருக்கு 160 டொய்ட். ஆனால் கிழக்கே கம்பெனி வைத்த கணக்கு வேறு. பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கையிலும் 4 டொய்ட்டுக்கே ஒரு ஸ்டைவர் என்று மதிப்புப் போட்டார்கள். அதே செம்பு, அதே எடை, கப்பலேறி இறங்கியதும் மதிப்பு இரட்டிப்பு. கம்பெனி சம்பளம் கொடுப்பதும் சரக்கு வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் என்றால் லாபம் யாருக்கு என்று சொல்லவே தேவையில்லை.

ஆனால் கம்பெனிக்குத் தெரிந்த கணக்கு மாலுமிக்கும் தெரியும்தானே. ஒரு மாலுமி 10 கில்டரை ஊரிலேயே சில்லறையாக மாற்றினால் 1,600 டொய்ட். எடை ஐந்து கிலோ இருக்கும். படுக்கைக்கு அடியில், பெட்டியின் அடித்தட்டில், பழைய துணி மூட்டைக்குள் என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பத்தாவியாவில் இறங்கிக் கொட்டினால் 400 ஸ்டைவர், அதாவது 20 கில்டர். மிளகு கடத்தினால் மாட்டிக்கொள்ளலாம், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். சில்லறைக் காசு வைத்திருக்கிறவனை எந்தக் குற்றத்துக்குப் பிடிப்பது? "என் சொந்தக் காசு" என்றால் முடிந்தது.

இதற்கு மருந்தாகத்தான் 1726 முதல் கம்பெனி முத்திரை போட்ட தனி டொய்ட் வந்தது. கிழக்கே இதுதான் செல்லும், தாய்நாட்டில் இது செல்லாது. ஊர்ச் சில்லறையைக் கடத்திக்கொண்டு போனவன் கையில் செல்லாக் காசு மிஞ்சும். ஆகவே உங்கள் காசில் இருக்கிற அந்த மூன்று எழுத்தைப் பெருமைக்குப் போட்ட சின்னமாக நினைக்க வேண்டாம். கடத்தலைத் தடுக்கப் போட்ட பூட்டு அது. இரட்டிப்பு லாபம் தனக்கு மட்டும்தான், மாலுமிக்கு இல்லை என்று கம்பெனி செம்பில் எழுதி வைத்த அறிவிப்பு என்றும் சொல்லலாம். 1726-லிருந்து 1794 வரை இப்படிக் கோடிக்கணக்கில் அடித்துக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அமெரிக்காவில் இந்தக் காசை 'நியூயார்க் பென்னி' என்று பெயர் வைத்து விற்கிற வியாபாரிகள் உண்டு. நியூயார்க் ஒருகாலத்தில் டச்சுக் குடியேற்றம் என்பதால் ஜனங்களும் நம்பி வாங்குகிறார்கள். அந்த ஊரை ஆண்டது மேற்கிந்தியக் கம்பெனி, அது வேறு. அந்த ஊர் ஆங்கிலேயரிடம் போனதோ 1664-ல், இந்தக் காசு பிறப்பதற்கு 62 ஆண்டு முன்பு. தூத்துக்குடியில் வ.உ.சி., நியூயார்க்கில் பென்னி. எழுத்தைப் பார்த்து ஏமாறுவதில் ஊர் வித்தியாசம் இல்லை.

தூத்துக்குடிக்கு இது எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. போர்த்துகீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், அதே ஆண்டில் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். பழவேற்காட்டில் 1613-லேயே கோட்டை கட்டியாயிற்று. இவற்றில் நாகப்பட்டினமும் பழவேற்காடும் சோழமண்டல நிர்வாகத்தில் இருந்தன. தூத்துக்குடியோ கொழும்புக்குக் கட்டுப்பட்டது. ஆகவே கொழும்பில் புழங்கிய சில்லறை தூத்துக்குடிக்கு வருவது பக்கத்துத் தெருவுக்கு வருவது மாதிரி. முத்துக்குளிப்பு, சங்கு, துணி என்று மன்னார் வளைகுடாவின் இரு கரைக்கும் ஓயாமல் போக்குவரத்து. உங்கள் பாட்டியின் முன்னோர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கடலோடு சம்பந்தப்பட்ட குடும்பமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஐரோப்பாவிலிருந்து வந்த காசு மட்டும்தான் இங்கே புழங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் உள்ளூர்ப் பாணியில் சின்னச் சின்னச் செப்புக் காசும் அடித்தார்கள். நாகப்பட்டினத்துக் காசில் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே பொறித்தார்கள். அவற்றுக்கான செம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? கம்பெனி சோழமண்டலக் கரைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்த செம்பு, ஜப்பான் செம்பு. 1641-லிருந்து நாகசாகித் துறைமுகத்தின் டெஜிமா என்ற குட்டித் தீவில் அடைபட்டுக் கிடந்தபடியே டச்சுக்காரர்கள் ஜப்பானோடு வியாபாரம் செய்தார்கள், வேறு ஐரோப்பியர் யாருக்கும் அங்கே அனுமதி இல்லை. அங்கே வாங்கிய செம்பு மெல்லிய சிவப்புக் கம்பிகளாக வரும். அதை இங்கே விற்று, அந்தப் பணத்தில் நம் நெசவாளர்களின் துணியை வாங்கி, துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கி, அதைத்தான் ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். ஊரிலிருந்து வெள்ளி கொண்டுவரும் செலவைக் குறைக்க இப்படி ஒரு சுற்று. இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே போய், செம்புக் கட்டியையே துண்டு போட்டு, இரு முனையிலும் முத்திரை குத்திக் காசாக விட்டார்கள். அதன் மதிப்பு நாலே முக்கால் ஸ்டைவர்! யாருக்கும் வாயில் நுழையாத இப்படி ஒரு தொகை, செம்பின் எடைக்குச் சரியாக மதிப்புப் போட்டதால் வந்தது. டொய்ட்டில் செய்த தந்திரத்துக்கு நேர் எதிர். இன்று அந்தச் செம்புத் துண்டு ஏலத்துக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வார்கள்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். டொய்ட். கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நாம் தினமும் சொல்கிற துட்டு இதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி துட்டு என்ற சொல்லை டச்சிலிருந்து வந்ததாகத்தான் காட்டுகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் துட்டு இருக்கிறதே, டச்சுக்காரர் எட்டிப் பார்க்காத உள்நாட்டு ஊர்களில்கூடச் சொல்கிறார்களே, ஆகவே இது நம் சொந்தச் சொல் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நான் அகராதி பக்கம். காசு கைமாறும் வேகத்தில் காசின் பெயரும் கைமாறும், அதற்குக் கோட்டையும் கொடியும் கூடவே வரவேண்டியதில்லை. இன்னொரு சாட்சியும் இருக்கிறது. மலாயில் பணத்துக்குப் பேச்சு வழக்கில் டுயிட் என்கிறார்கள், இந்தோனேசியாவிலும் அதே. டச்சுக் கம்பெனி இந்தச் செம்பைக் கொட்டிய ஊர்களில் அதன் பெயரே பணத்துக்குப் பெயராகிவிட்டது. மலேசியாவில் இருக்கிற தமிழர் ஒருவர் காலையில் துட்டு என்றும் சாயங்காலம் டுயிட் என்றும் சொன்னால், ஒரே செப்புக் காசை இரண்டு முறை சொல்கிறார் என்று அர்த்தம். இலங்கையில் இந்தக் காசுக்குச் சல்லி என்று பெயர் விழுந்தது, சிங்களத்தில் இன்றும் பணத்துக்குச் சல்லி என்கிறார்கள்.

டச்சுக்காரர்களே இன்றைக்கு யூரோவில் கணக்குப் பார்த்தாலும், கையில் ஒன்றுமில்லை என்பதைச் 'சிவப்பு டொய்ட்கூட இல்லை' என்றுதான் சொல்கிறார்கள். சிவப்பு என்றது செம்பின் நிறம். நாம் 'சல்லிக் காசு இல்லை' என்கிறோம். கம்பெனி நமக்கு விட்டுப்போன சொற்களில் துட்டு ஒன்று, அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்தில் சொல்கிற கந்தோர் இன்னொன்று, கக்கூஸ் மூன்றாவது. எதை முதலில் சொல்வது என்பது அவரவர் விருப்பம்.

உங்கள் காசின் ஆண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 1790 என்பது கம்பெனிக்குக் கடைசிக் காலம். 1780 முதல் 1784 வரை ஆங்கிலேயரோடு நடந்த போரில் கப்பல்களும் சரக்கும் போயின, 1781-ல் நாகப்பட்டினமும் போனது. அதன் பிறகு கடன்தான். 1795-ல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்ததும் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. இங்கே ஆங்கிலேயர் டச்சு இடங்களை வரிசையாகப் பிடித்தார்கள், 1796 பிப்ரவரியில் கொழும்பு சரணடைந்தது. 1799 டிசம்பர் 31-ம் தேதியோடு கம்பெனி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. மிடல்பர்க்கில் உங்கள் காசை அடித்து, அது ஆறேழு மாதம் கடலில் கிடந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது கம்பெனிக்கு ஆயுசு பத்து ஆண்டுகூடப் பாக்கி இல்லை. தூத்துக்குடி பிறகு டச்சுக்காரரிடம் திரும்பி வந்து, 1825-ல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கம்பெனி செத்தாலும் காசு சாகவில்லை. பழகிய முத்திரையைத்தான் சந்தை நம்பும். ஜாவாவுக்காக, 1790 என்று பழைய ஆண்டையே போட்டு, உட்ரெக்ட் அக்கசாலையில் 1840-களில்கூட இந்த டொய்ட்டை மறுபடி அடித்தார்கள். அதனால் 1790 என்று பார்த்தால் நான் முதலில் மாகாணத்தைத்தான் கேட்பேன். உங்களுடையது அலைக்கு மேல் எழும் சிங்கம், ஸேலாந்து. ஆகவே அந்தச் சந்தேகம் உங்களுக்கு இல்லை.

இனி லட்சம் விஷயம். மன்னிக்கவும். கோடிக்கணக்கில் அடித்த காசு என்பதால் இது அரிது இல்லை. தேய்ந்த நிலையில் இருந்தால் சில நூறு ரூபாய். அலைக்கோடுகளும் சிங்கத்தின் பிடரியும் கூர்மையாகத் தெரிந்தால் கொஞ்சம் கூடும். யாராவது கைபேசியில் அழைத்து லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுப்போட்டது போல ஒரு கோடு ஓடினால், அல்லது மேற்பரப்பில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருந்தால் அது வார்ப்புப் போலி. நிஜக் காசு திருகு அழுத்தியில் ஒரே அடியில் பதிந்தது, அதில் அந்தக் கோடு வராது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் முதன்முதலில் வந்த டொய்ட்டை நான் மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா அதைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, பளபளவென்று துண்டின் மேல் காயவைத்திருந்தார். "அழுக்கா கெடந்துச்சு, பாரு இப்ப எப்படி இருக்கு" என்றார். எப்படி இருந்தது என்றால், 250 ஆண்டாக ஏறியிருந்த கரும்பழுப்பு நிறம் போய், ஆண்டின் கடைசி எண்ணும் போய், கீறல் மட்டும் மிச்சமாக இருந்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதை இன்னும் வைத்திருக்கிறேன். உங்கள் காசை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, மெல்லிய துணியில் ஒற்றி, நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் போட்டால் போதும். சாதாரணப் பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாக ஆகப் பச்சை பூக்கும்.

சட்டத்தைப் பற்றிப் பயப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் வழிவழியாக வந்த காசு உங்களுடையதுதான். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், ஆகவே வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்குத் தபாலில் அனுப்புகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. அந்தத் தகரப் பெட்டியை மறுபடி ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோணல்மாணலாக, செம்புச் செதில் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் குப்பை என்று தூக்கிப் போட வேண்டாம். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து ஒன்றிரண்டு தெரிந்தால் அது நான் மேலே சொன்ன நாகப்பட்டினத்துக் காசாக இருக்கலாம், இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். இந்த டொய்ட்டைவிட அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை அதிகம்.